சுண்டெலிக்கு வேறு, வெள்ளை எலிக்கு வேறு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்லூரியின் எலி அறையில் எனக்குத் தினக்கூலி வேலை. வீடு பேட்டையில். கூண்டு கழுவுவேன், தீனி வைப்பேன். ஊசி போடும்போது எலியைப் பிடித்துக்கொள்வேன். மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

இரண்டு குப்பி. ஒன்று பெண் ஹார்மோன். போட்டால் எலியின் கருப்பை வீங்கும். மற்றது அதைத் தடுக்கிற மருந்து. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஹார்மோன் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஒரு கோடையின் வெக்கையில் வெள்ளை எலிகள் செத்தன. புது எலி வரும்வரை காத்திருக்கப் பேராசிரியருக்குப் பொறுமை இல்லை. மிச்ச வேலையைச் சுண்டெலியில் முடிக்கச் சொன்னார். ரெண்டும் எலிதானே என்றார். தடுக்கிற மருந்து போட்ட சுண்டெலிகளை அறுத்தார்கள். ஹார்மோன் போட்டதுபோலக் கருப்பை வீங்கியிருந்தது.

எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"குப்பிய மாத்திக் குடுத்திருக்க. நூலக் கட்டி வேல பாத்தா இப்படித்தான்."

"மாத்தல சார். நீங்களே எடுத்துப் போட்டுப் பாருங்க."

"எனக்கே சொல்லித் தாரியோ? நாளையிலேருந்து வரவேண்டாம்."

இன்னொரு கல்லூரியில் வேலை கேட்டுப் போனேன். மருந்தை மாற்றுகிறவள் என்ற பேர் எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டிருந்தது. பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினேன்.

மழைக்காலத்தில் பழைய கல்லூரியின் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பட்டறைக்கு வந்தாள். புது வெள்ளை எலிகள் வந்தனவாம். அதே தடுப்பு மருந்தை இரண்டு சாதி எலிக்கும் தன் கையாலேயே போட்டாளாம். சுண்டெலிக்கு வீங்கியது. வெள்ளை எலிக்கு அவ்வளவாக இல்லை. ஒன்றுக்கு ஹார்மோன்போல வேலை செய்கிற மருந்து இன்னொன்றுக்குத் தடையாக நிற்கிறது. மதுரைக்குப் போய்ப் புத்தகத்தில் தேடியிருக்கிறாள். வெளிநாட்டில் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள்.

"நீங்க மாத்தலக்கா," என்றாள்.

"அது எனக்குத் தெரியும். அவருகிட்ட சொன்னியா?"

சொல்லியிருந்தாள். அவர் என்னை வரச் சொன்னாராம்.

போனேன். தலை நிமிராமல், நாளைக்கே வேலைக்கு வந்துவிடு என்றார்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்க சார். எல்லாரையும் கூப்பிட்டு, இவ மாத்தலன்னு சொல்லுங்க."

"அதான் வேல கெடச்சிட்டுல்லா. இன்னும் என்ன?"

எலிக்கு எலி உடம்பு வேறு. அதில் எனக்குக் கோபமில்லை. ஒரு வார்த்தை சொல்ல இந்த மனுசனுக்கு என்ன கேடு?

அவர் சொல்லவில்லை. நான் சேரவில்லை. பட்டறைக்கே திரும்பினேன். அந்தக் கல்லூரி வழியாகப் போகிற பஸ்ஸில் இன்றைக்கும் ஏறமாட்டேன்.