சக்கரம் நின்ற பிறகும் எரிந்த பல்பு

விசேஷங்களுக்கு லைட் கட்டுவது என் தொழில். திண்டிவனத்தில் ஒரு சின்னக் கடை. சீரியல் பல்பு, ட்யூப் லைட், மைக் செட், ஒரு ஜெனரேட்டர். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேச வராது. மைக்குக்குப் பின்னால் உட்கார்கிற வேலை என்பதால் இது எனக்குப் பொருந்திப்போனது. இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: விளக்கு அணையக் கூடாது. தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு நொடி இருட்டானாலும் கூலி போவது இருக்கட்டும், அடிக்கவே வருவார்கள். அதனால் மாற்றிவிட இன்னொரு லைன் எப்போதும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

என் அக்கா புருஷனை நான் மாமா என்பேன். மயிலம் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். நாலு வருஷமாக ஒரு இயந்திரம் செய்துகொண்டிருந்தார். கேபிள்காரர் தூக்கிப்போட்ட பெரிய டிஷ் ஒன்றை வாங்கி, உட்புறம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, வெயிலை ஒரே இடத்தில் விழவைத்தார். அந்த இடத்தில் ஒரு இரும்பு உருளையின் ஒரு முனை இருக்கும். மறுமுனையில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்கம் சூட்டில் விரியும், மறுபக்கம் குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில் ஒரு பழைய தையல் மிஷின் சக்கரம் சுற்றும். சக்கரத்திலிருந்து பெல்ட் போய் ஒரு சின்ன டைனமோவைச் சுற்றும். டீசல் கிடையாது, நீராவி கூடக் கிடையாது.

ஊரில் சிரித்தார்கள்.

"இன்னா, சூரியனுக்கே மீட்டர் மாட்டப் போறியா?"

"அதுல கேப்பை அடை சுட்டாலாவது வயித்துக்கு ஆவும்யா."

மாமா தன் பாட்டுக்குச் சாக்கை நனைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு இருந்த ஒரே கவலை உருளையில் காற்று கசிவது. ஊர்ப் பட்டறையில் அதற்குமேல் நுணுக்கமாகக் கடைய முடியவில்லை. விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக் சார் இதைக் கேள்விப்பட்டு, நேரில் வந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வைத்துச் செய்ய இடம் தருகிறோம் என்று சொல்லியனுப்பினார். மாமா அந்த ஒரு நாளுக்காகத்தான் நாலு வருஷமும் காத்திருந்தார் என்று சொல்லலாம்.

சார் வந்தது மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் வருகிற நேரம். பந்தலும் நாற்காலியும் அக்காவின் ஆசை. ஒயரிங் என் பொறுப்பு. காலையில் கடையில் சாமான் எடுத்து வைக்கும்போது ஒரு பேட்டரியையும் கோணிப்பையில் போட்டேன். யாராவது கேட்டால் மைக்குக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல்புக்குப் போகிற ஒயரோடு அதையும் ஒரு சுவிட்ச் வைத்து இணைத்து, ஜமுக்காளத்துக்கு அடியில் மறைத்தேன். மாமாவிடம் சொல்லவில்லை.

மாமா மைக்கில் இரண்டே வார்த்தைதான் பேசினார். "மேகம் வந்தா நின்னுடும்ங்க. அதுல ஒண்ணும் தப்பு இல்ல. வெயில் வந்ததும் கையால ஒரு தள்ளு தள்ளினா ஓடும்."

மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான். அதைக் கேட்டேன். ஆனால் காதில் ஏறவில்லை.

சக்கரம் சுற்றியது. பல்பு எரிந்தது. கை தட்டினார்கள். சார் எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அப்போது மேகம் வந்தது. சக்கரம் தளர்ந்தது, பல்பு மங்கியது. கூட்டத்தில் யாரோ "ப்ச்" என்றார்கள். என் கை ஜமுக்காளத்துக்கு அடியில் போய்விட்டது.

பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. சக்கரம் நின்றது.

"யோவ், சக்கரம் நின்னுபோச்சுய்யா! லைட்டு மட்டும் எரிஞ்சிக்கினு கீது!"

சிரிப்பு எழுந்தது. சார் நின்ற சக்கரத்தின்மேல் ஒரு விரலை வைத்தார், பல்பைப் பார்த்தார், பிறகு ஒயர் போகிற வழியைப் பார்த்தார். பயத்தில் சுவிட்சைத் தட்டினேன். பல்பு அணைந்தது. சிரிப்பு இரண்டு மடங்கானது.

மாமா பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாரிடம், "கொஞ்சம் இருங்க சார், மேகம் போவட்டும்" என்றார்.

"இன்னொரு நாள் பாக்கலாம்ங்க" என்று சார் கிளம்பினார். கூட்டமும் கலைந்தது.

நான்தான் செய்தேன் என்று சொல்ல எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை. மைக் என் கையில் இருந்தது. சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. மாமா சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். ஓடியது. பல்பு லேசாக நடுங்கிக்கொண்டே எரிந்தது. "எரியுது பாரு, எரியுது பாரு" என்றாள் அக்கா, காலி நாற்காலிகளைப் பார்த்து. நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அதை யாரோ வீடியோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டிருந்தார்கள். மாமாவுக்கு 'பேட்டரி' என்று பேர் வந்தது. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். டிஷ்ஷின்மேல் தார்ப்பாய் போட்டு மூடினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவக்காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், இதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு வளவனூரில் ஒரு கல்யாண வேலை. பெண் வீட்டுக்காரர் ஒருவர் போனை நீட்டினார். "அண்ணே, உங்க பக்கத்து ஆளுதானாம், பேட்டரி விஞ்ஞானி. பாருங்க, செம காமெடி."

பார்த்தேன். அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை விழுப்புரம் பஸ் ஏறினேன். பாலிடெக்னிக் வராந்தாவில் மதியம் வரை நின்றேன். சாருக்கு என் முகம் ஞாபகம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அவருக்கு இது தெரியவே தெரியாதா?"

"தெரியாதுங்க சார். கை தானா போயிடுச்சு. தொழில் பழக்கம்ங்க."

சார், "நானும் ஒரு பத்து நிமிஷம் இருந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு, "வர்றேன்னு சொல்லுங்க. பந்தல் எல்லாம் வேணாம்."

அங்கிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் காலால் மல்லாட்டையைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த பேட்டரி எப்ப எடுத்துக்கினு வந்த? மேகத்தைப் பாத்த அப்புறமா, காலையிலயேவா?"

சாரிடம் 'கை தானா போயிடுச்சு' என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் பேட்டரி தானாகப் பைக்குள் போகவில்லை. ஊரில் சிரித்தவர்கள் வெளிப்படையாகச் சிரித்தார்கள். நான் என் சிரிப்பைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"காலையிலயே, மாமா."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் துழாவிக்கொண்டே இருந்தார்.

"சாரு வரட்டும். ஒயரு நானே இழுத்துக்கறேன். நீயும் வா. வந்து நாற்காலியில ஒக்காரு. சக்கரம் நின்னா, சும்மா ஒக்காந்துக்கினு இரு."

"சரிங்க மாமா" என்றேன். குரல் எழும்பவில்லை போலிருக்கிறது. அவர் "இன்னா?" என்று திரும்பிக் கேட்டார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.