ரேடியோ முன்னால் அப்பா சொன்னது

சித்திரை வருஷப் பிறப்பன்று காலையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்காருவோம். பண்டிகை நிகழ்ச்சி முடிந்ததும் ஆளுக்கொரு சின்னத் தீர்மானம் சொல்ல வேண்டும். அந்த வருஷம் நான், தங்கச்சியோடு சண்டை போடுவதில்லை என்றேன். அப்பா, "இனி ஒங்களக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுவாரம் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் என்னை நிறுத்தினார். "குடும்பத்தோட ஒரேயடியா இந்தியாவுக்குப் போறீங்களாமே? ஒங்கப்பா தை மாசமே மனு எழுதிக் குடுத்துட்டாரே!"

வீட்டுக்கு ஓடிப்போய், "ஏம்ப்பா எங்ககிட்ட மறைச்சீங்க?" என்று அழுதேன்.

"சொன்னா விடமாட்டீங்க."

அம்மாவைப் பார்த்தேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அப்பா கை நீட்டினார். நான் பிடிக்கவில்லை.