ஆயுத பூஜைக்கு வந்த வெள்ளைச் சட்டைக்காரர்

அந்த வருசம் ஆயுத பூஜைக்கு இருந்தது முதலாளி. அவர் வீட்டம்மா. டிரில்லிங் மெசினில் நிற்கிற அக்கா. நான். அப்புறம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர். அவரை அதுக்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. காரமடைச் சொந்தக்காரர் என்று முதலாளி சொன்னார்.

கணபதிப் பகுதியில் எங்கள் பட்டறை. பம்பு மோட்டாருக்கு லேத்தில் ஷாப்ட் கடைவோம். ரெண்டு வருசமாகவே ஆர்டர் இறங்கிக்கொண்டு வந்தது. வடக்கே இருந்து ரெடியாக, விலை குறைவாக வருகிறது என்றார்கள். வாரத்தில் மூணு நாள்தான் லேத் ஓடும். மூடிப்போடுவாரோ என்று எனக்குப் பயம். எனக்கு வேறு வேலை தெரியாது. கேட்டால், மூடுகிற பேச்சே இல்லை என்பார் முதலாளி.

பூஜைக்கு மெசினைத் துடைப்பது எப்பவும் உள்ளதுதான். அந்த வருசம் அடிக்கால் வரைக்கும் கிரீசைச் சுரண்டச் சொன்னார். அடிக்காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. கேட்கவில்லை. ரெண்டு நாள் தேய்த்தோம். சந்தனம், குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம்.

வெள்ளைச் சட்டைக்காரர் பொரி தின்றுகொண்டே மெசின் மெசினாகப் போனார். என் லேத்திடம் நின்றார். லேத் வாங்க வருகிறவன், இரும்பைப் பிடிக்கிற சக் இருக்கிறதே, அதைத்தான் முதலில் சுற்றுவான். ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான். இவர் அதைத் தொடவில்லை. குனிந்து, விரலை மடக்கி அடிக்காலைத் தட்டினார். உள்ளே பொள்ளலா, கெட்டியா என்று கேட்டார்.

“பொண்ணு பாக்க வந்தவரு மூஞ்சியப் பாக்காம காலையே பாக்கறாரு” என்றாள் அக்கா, என் காதோடு.

நான் பக்கத்தில் போனேன்.

“ஏனுங்க, சக்கைச் சுத்திப் பாக்கலீங்களா?”

“பூஜையன்னிக்கு ஓட்டக் கூடாதல்லங்க.”

“கையிலயே சுத்தலாமுங்க. கரண்டு வேண்டாம்.”

அவர் சிரித்தார். “சுத்தி எனக்கு என்னுங்க ஆகப் போவுது?”

முதலாளி தட்டில் தேங்காய்ச் சில்லை அடுக்கிக்கொண்டு நின்றார். காது கேட்கிற தூரம்தான். திரும்பவில்லை. எனக்குத் தெரிந்துபோனது. ஓட்டுவதற்கு வாங்கவில்லை. உடைத்து எடைக்குப் போட.

என் லேத் எத்தனை வருமுங்க என்று கேட்டேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆயிரத்து முந்நூறு கிலோ.