வலது பக்கம், ஐந்தாம் பலகை

இது நடந்தது. நான் கடவுளுக்குப் பயந்தவள். பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதில் நள்ளிரவு கிடையாது, சுடுகாடு கிடையாது. மாலை 4.10க்குத் தொடங்கி 5.26க்கு முடிந்தது. நம்பாதவர்கள் எங்கள் படகை வந்து பார்க்கலாம். தடயம் அதன் மேலேயே இருக்கிறது.

அது முழுக்க மரத்தாலான பாய்மரப் பந்தயப் படகு. ஒரு தபால்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடம் உழைத்துக் கட்டியது. கட்டி முடித்த பிறகுதான் கதவை விடப் படகு பெரிது என்று தெரிந்ததாம். சுவரை இடித்து வெளியே எடுத்தார். பிறகு பந்தயத்துக்குப் பந்தயம் ஜெயித்தார்.

அவர் காலத்துக்குப் பின் மூன்று பேர் வாங்கினார்கள். மூன்று பேரும் விற்றுவிட்டார்கள். எல்லோரும் சொன்ன குறை ஒன்றேதான். வலது பக்கம் ஐந்தாம் பலகையில் தண்ணீர் ஒழுகும். என்ன வைத்து அடைத்தாலும் நிற்காது. அது மட்டுமில்லை. அந்தப் பலகையை வெளியிலிருந்து யாரோ தட்டுவார்கள். இரண்டு தட்டு. நடுக்கடலில்கூட.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து அதை வாங்கினோம். நான் பல் மருத்துவரிடம் உதவியாளர். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு வருடம், விடுமுறை நாளெல்லாம் அந்தப் படகோடுதான் கழிந்தது. கடைசியில் படகுப் பட்டறைக்காரர் கெடு வைத்தார்.

"இடத்தை வித்தாச்சும்மா. நாளைக்குக் காலையில ஏழரைக்குக் கடல் தண்ணி ஏறும். அப்ப இறக்கலைன்னா ரம்பம் போட்டுடுவேன். பேய்ப் படகுக்குப் போயி இவ்வளவு பாடா?"

நாத்தனார் விடவில்லை. "பேய் இருந்தா அது கையிலயும் ஒரு சுத்தியலைக் குடுங்கண்ணே. வேலை சீக்கிரம் முடியும்."

மூவரும் சிரித்தோம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டியபோதே ஒன்றைக் கவனித்திருந்தோம். படகில் ஏறக்குறைய மூவாயிரம் செம்பு ஆணிகள். ஒவ்வொன்றின் தலையிலும் நகத்தால் கீறியதுபோல ஒரு சாய்ந்த கோடு. ஐந்தாம் பலகையில் மட்டும் செம்பு ஆணி இல்லை. இரும்புத் திருகாணிகள். எல்லாம் துருப்பிடித்து, மரத்தையும் அரித்திருந்தன. அதைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை பொருத்தினோம். முப்பத்தெட்டுத் துளைகள் போட்டோம். முப்பத்தெட்டுச் செம்பு ஆணிகள் அடித்தால் வேலை முடிந்தது.

இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. வெளியே நிற்பவர் ஆணியை உள்ளே செலுத்தி, அதன் தலைமேல் கனத்த இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஆணி முனையில் ஒரு வளையத்தை மாட்டி, முனையை அடித்து மடக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் ஒரு சைகை. உள்ளிருந்து ஒரு தட்டு: 'தயாரா?' வெளியிலிருந்து இரண்டு தட்டு: 'பிடித்திருக்கிறேன், அடி.'

இரண்டு தட்டு… அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாலை 4.10. படகுக்குள் இறங்கிக் குனிந்து நின்றேன். துளைகள் வழியே வரிசையாக வெளிச்சம் வந்தது. மனதுக்குள் ஒரு பிரார்த்தனை சொன்னேன். முதல் துளை இருண்டது. அந்தப் பக்கம் நாத்தனார் வந்துவிட்டாள் என்று பலகையை ஒரு முறை தட்டினேன்.

டக்… டக்.

வேலை ஓடியது. இரண்டு நிமிடத்துக்கு ஓர் ஆணி. இதுவரை என் கை இவ்வளவு சுலபமாக அடித்ததில்லை. இரும்பு அசையவே இல்லை.

ஆறாவது ஆணியில்தான் ஒன்று தோன்றியது. நாத்தனார் பேசவில்லை. பேருந்தில் ஐம்பது பிள்ளைகளை அதட்டும் வாய் அது. பத்து நிமிடம் சும்மா இருக்காது.

பத்தாவது ஆணி, வெளியே சுத்தியல் சத்தமே கேட்காமல் உள்ளே வந்தது. வெண்ணெயில் ஊசி இறங்குவதுபோல.

4.30. மழை பிடித்தது.

"நனையறியா?" என்று கத்தினேன்.

டக்… டக்.

நான் இன்னும் தட்டவே இல்லை.

இருபதாவது ஆணி முடிந்ததும், வழக்கம்போலச் சொன்னேன். "கையை மாத்திப் பிடிச்சுக்கோ. வலிக்கும்."

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு… நீளமாக… அந்த வார்த்தைக்காகவே வெகுநாள் காத்திருந்ததுபோல.

4.52. இருபத்தொன்று முடிந்தது. செல்போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, கேட் பக்கத்து டீக்கடையில நிக்கிறேன். மழை விட்டதும் வந்துடறேன்."

"எப்பப் போன?"

"நாலு அஞ்சுக்கே. சொல்லிட்டுத்தானே வந்தேன்? காதுல விழலையா?"

போனைக் காதோடு அழுத்தினேன்.

காதில் அவள் குரல். எதிரே பலகை.

டக்… டக்.

சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

குனிந்து அடுத்த துளையைப் பார்த்தேன். இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஓர் ஆணி முனை… மெல்ல… என் கண்ணை நோக்கி வந்தது.

பின்வாங்கினேன்.

ஏணி நான்கடி தூரத்தில்.

இன்னும் பதினேழு ஆணிகள்.

ஓடியிருக்கலாம். காலையில் ரம்பம் வரும். இரண்டு வருட உழைப்பு விறகாகும். ஆனால் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என்னைக் கொல்ல நினைக்கும் கை, இவ்வளவு பொறுமையாக எனக்கு ஆணி பிடித்துக் கொடுக்குமா? உதவிக்கு நீண்ட கையைத் தட்டிவிட என் வீட்டில் என்னைப் பழக்கவில்லை.

சுத்தியலை எடுத்தேன். குரலை நடுங்க விடவில்லை.

"யாரா இருந்தாலும் சரி. நான் போகமாட்டேன். இந்தப் பலகையை மூடாம இறங்கமாட்டேன். பயமுறுத்தணும்னா அப்புறமா பயமுறுத்துங்க. இப்ப பிடிங்க!"

ஒரு தட்டு தட்டினேன்.

டக்… டக்.

அடித்தேன்.

இருபத்தெட்டு. முப்பது. முப்பத்தைந்து…

5.26. முப்பத்தெட்டு.

"நன்றிம்மா" என்றேன். ஏன் 'அம்மா' என்று சொன்னேன், தெரியாது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்தேன். யாருமில்லை. சற்று நேரத்தில் நாத்தனார் டீயோடு ஓடி வந்தாள். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு அண்ணி பிடிச்சா?" என்றாள். தன் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தது, நாங்கள் ஆணித் தலைமேல் பிடிக்க வைத்திருந்த இரும்பு. "இது என்கிட்டல்ல இருக்கு…"

டார்ச் அடித்தோம். புது ஆணிகள். முப்பத்தெட்டுத் தலைகள். ஒவ்வொன்றிலும் நகத்தால் கீறியதுபோல ஒரு சாய்ந்த கோடு.

மறுநாள் காலை 7.30க்குப் படகைக் கடலில் இறக்கினோம். ஒழுகினால் பிடிக்க வைத்த வாளி காய்ந்தே கிடந்தது. ரம்பத்தோடு நின்ற ஆட்கள் திரும்பிப் போனார்கள். பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வித்துடுங்கம்மா. வாங்க ஆள் இருக்கு."

"விக்கிறதுக்கில்லண்ணே" என்றேன்.

அன்று மாலை, தபால்காரரின் மகளைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். நடந்ததைச் சொல்லவில்லை. ஆணித் தலையில் ஏன் கோடு என்று மட்டும் கேட்டேன்.

"அம்மாவோட இஸ்திரிப் பெட்டிங்க அது" என்றார். "அம்மா தையல்காரி. அப்பா உள்ள இருந்து அடிப்பார். அம்மா வெளிய நின்னு, அந்த இஸ்திரிப் பெட்டியை வச்சுத்தான் பிடிப்பாங்க. அடியில ஒரு கீறல் உண்டு. அதான் எல்லா ஆணியிலயும் பதிஞ்சிருக்கு. கடைசியா ஒரே ஒரு பலகை பாக்கி. அம்மா படுத்துட்டாங்க. 'நான் வந்து பிடிக்கிறேன், அதுவரைக்கும் ஆணி அடிக்காதீங்க'ன்னாங்க. எழுந்திருக்கவே இல்ல. அப்பா வேற யாரையும் பிடிக்க விடல. திருகாணி போட்டு மூடிட்டார்."

"அந்த இஸ்திரிப் பெட்டி இப்ப எங்கம்மா இருக்கு?"

"படகு சாயாம இருக்க அடியில ஈயம் உருக்கி ஊத்துவாங்கல்ல? அப்பா அதை அந்த ஈயத்துக்குள்ளயே போட்டுட்டார்."

போனைக் கீழே வைத்தேன். முந்தைய நாள் மாலை 4.10 முதல் 5.26 வரை, அந்த இஸ்திரிப் பெட்டி என் காலுக்கு நேர் கீழே, ஈயத்துக்குள் இருந்திருக்கிறது.