பதினோரு சீட்டு, பத்துப் பேர்

கிறிஸ்துமஸ் அன்று காலை எங்கள் கட்டடத்தில் ஒரு சங்கடம் நடந்தது. ஜோதியின் மடியில் இரண்டு பரிசுப் பொட்டலம். ரெஜினா அக்காவின் மடியில் ஒன்றுமில்லை.

தப்பு யாருடையது? சீட்டு எழுதியவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை.

பர்மாவில், பசுந்தாங் பக்கம், எங்களுடையது லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம். டிசம்பர் முதல் ஞாயிறு, வீட்டுக்கு ஒருவராகப் பதினோரு பேர் கீழ்த்தளத்தில் கூடிச் சீட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு வாங்கி, கிறிஸ்துமஸ் அன்று கொடுக்க வேண்டும். இந்துக்கள் உண்டு, பௌத்தர்கள் உண்டு. கிறிஸ்தவர் என்று பார்த்தால் ரெஜினா அக்கா ஒருவர்தான். அவர் பெயரைத்தான் விட்டுவிட்டேன்... கேட்கவே நன்றாக இல்லை, இல்லையா?

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஜோதியின் கணவர் கோ ஸோ, சீட்டு எடுத்த அன்று, பர்மியில் கேட்டார். கல்யாணமாகி எங்கள் கட்டடத்துக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, பாவம், எல்லாம் அவருக்குப் புதுசு. சர்ச் பழக்கம் என்றார் ஒருவர். ஆபீஸ்களில் செய்வது, அங்கிருந்து வந்தது என்றார் இன்னொருவர்.

இரண்டும் இல்லை. எல்லாம் ஒரு தட்டில் தொடங்கியது.

ரெஜினா அக்கா முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக ஒரு தட்டு அனுப்புவார். கேக், முறுக்கு, இரண்டு வாழைப்பழம். வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரலாமா? தமிழர் வீட்டில் அது நடக்காத காரியம். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். பர்மியக் குடும்பங்களும் எங்களைப் பார்த்து அதையே செய்தார்கள். சீனி கொஞ்ச நாளில் பிஸ்கட் ஆனது. பிஸ்கட் காஃபிமிக்ஸ் பாக்கெட் ஆனது. பிறகு ஒவ்வொரு வீடும் மற்ற பத்து வீட்டுக்கும் கொடுக்க ஆரம்பித்தது — வாங்கினால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

ஒரு வருடம் நான் கொடுத்த காஃபிமிக்ஸ் பாக்கெட், நான் ஒட்டிய டேப்போடு, நாலு வீடு சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது. அன்றுதான் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். போதும் சாமி, இனி ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பரிசு! ஆக, எங்கள் பரிசுத் திருநாள் அன்பில் பிறந்து அலுப்பில் வளர்ந்தது. எல்லாத் திருநாளும் அப்படித்தானோ, என்னவோ.

சரி, தப்பு எப்படி நடந்தது?

எங்களில் பலருக்கு இரண்டு பெயர். வீட்டில் தமிழ்ப் பெயர், வெளியே பர்மியப் பெயர். ஜோதி கியாக்டடாவில் வேலை பார்க்கும் ஆபீஸில் மா தீதா. கோ ஸோ அங்கேதான் அவளைப் பார்த்தார், அதனால் அவருக்கு இன்றும் அவள் மா தீதாதான். சீட்டு எழுதிய அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் மூன்று மாடிக்குத் தண்ணீர் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கொரு பெயராகச் சொல்லச் சொல்ல எழுதினேன். யாரோ "ஜோதி" என்றார்கள், தமிழில் எழுதினேன். கொஞ்சம் கழித்துக் கோ ஸோ "மா தீதா" என்றார், பர்மியில் எழுதினேன். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. சரியாக இருந்தது.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்கிறேன். சீட்டு வந்த பிறகும் நிற்காத ரெஜினா அக்கா வீட்டுத் தட்டு, இரண்டு வருடமாக வருவதில்லை. இந்தக் கரண்ட்டை நம்பி ஓவனில் கேக் வைத்தால் பாதி மாவாக வெளியே வருகிறது. தட்டு நின்றதும் என் மனசு அவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது போலிருக்கிறது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். இந்த டிசம்பரில் அவர் கைக்கு வர இருந்தது இந்த ஒரு பொட்டலம்தான்.

"அமலே! அம்மாடி, ரெண்டும் எனக்கா?" என்று ஜோதி பர்மியும் தமிழுமாகப் பதறி, ஒன்றை எடுத்து ரெஜினா அக்காவிடம் நீட்டினாள்.

"ஒம் பேருக்கு வந்தது, நீயே வச்சுக்க. எனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்துவிட்டார் அக்கா. பிறகு தன் கையிலிருந்த பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். ஆமாம், அவர் எடுத்த சீட்டில் இருந்தது என் பெயர். உள்ளே அழகான ஒரு கம்பளிச் சால்வை. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் ஒரு பரிசு வாங்கிக்கொண்டு அக்கா இருக்கும் ஐந்தாவது மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்டேன். கரண்ட், தண்ணீர், ஜோதியின் இரண்டு பெயர் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

"அதான் எனக்குத் தெரியுமே, கமலா," என்றார் அக்கா. "நீ எழுதையில ஒம் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? ஜோதி பேரு ரெண்டு தரம் விழுந்துச்சு. எம் பேரு விழவே இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொன்னா எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எழுதணுமே... அன்னைக்கு ஒம் மொகத்தப் பாக்க முடியல. அம்புட்டு அலுத்துப் போயிருந்தே. போகுது போன்னு விட்டுட்டேன்."

பெயர் இல்லை என்று தெரிந்தே மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறார். தெரிந்தே கடைக்குப் போயிருக்கிறார். தெரிந்தே, வலிக்கிற முழங்காலோடு, ஐந்து மாடி இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்.

எல்லோருக்கும்தான் அலுப்பு. இந்த ஊரில் யாருக்கு இல்லை? ஆனால் அலுத்த முகத்தோடு மட்டும் பெயர் எழுத உட்காராதீர்கள் — பக்கத்தில் இருக்கிற யாராவது, சத்தமில்லாமல், தன் பெயரை விட்டுக்கொடுத்துவிடுவார்.