கால் ஊன்றாத ஐந்து நாள்

சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் தணிகாசலம் இடது கையை வயிற்றுக்குக் கீழே கொண்டுபோய், இரண்டு விரலால் எதையோ கொத்தாகப் பிடித்து லேசாகத் தூக்கிக்கொள்வார். போட்டிருப்பது காக்கி அரைக்கால் சட்டை. தூக்கிக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது. பெடலில் கால் பட்டதும் கை தானாக ஹேண்டில்பாருக்குப் போய்விடும்.

அது புடவைக் கொசுவம். எழுபத்திரண்டாம் வருஷத்துப் பொங்கல் நாடகத்திலிருந்து அவர் விரலில் தங்கிவிட்டது. பிள்ளைப்பாக்கத்து இளைஞர் நாடக மன்றத்தில் பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல், மீசை இல்லாதவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பிடித்துப் போட்டார்கள். படப்பை ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். பட்டாளத்துக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் பூங்கோதையாக வந்தார். படுதா ஓரத்தில் வசன நோட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் காட்சியில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா சொல்லுங்க. அதுவரைக்கும் நான் திரும்ப மாட்டேன்" என்றார். சிரிப்பதற்கென்றே வந்திருந்த கூட்டம் சிரிக்கவில்லை.

மறுநாள் மில்லில், "இன்னாடி பூங்கோதை, புருஷன் வந்துட்டானா?" என்று கேட்டவர்களிடம் அவர் கோபப்படவில்லை. "இன்னும் லீவு குடுக்கலையாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "மறுபடி எப்ப தம்பி போடுவாங்கோ?"

அடுத்த வருஷம் அதே நாடகத்தைத் திருவிழாவில் போடுவதென்று முடிவானது. கையில் காசில்லை. மன்றத் தலைவர் பாண்டுரங்கன், "சீன் படுதா, மைக் செட்டெல்லாம் சமாளிச்சிக்கலாம். ஸ்திரீபார்ட்டுக்குத்தான் முந்நூறு ரூபா வேணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் வேஷமும் ஸ்திரீபார்ட்தான், வேஷம் கட்டுகிற ஆளும் ஸ்திரீபார்ட்தான். பாண்டுரங்கன் சொன்னது காஞ்சிபுரத்திலிருந்து வரவழைக்கப்போகும் சரோஜா என்ற நடிகையை. தணிகாசலம் புரிந்துகொண்டது புடவை, நகை, சவுரி முடி.

"நான் சைக்கிள் உடறேண்ணா. அஞ்சு நாளு" என்றார்.

இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டி வசூல் செய்கிறவர்கள் அப்போது ஊர் ஊராக வருவார்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் சைக்கிள் மேலேயே. கால் தரையில் ஊன்றினால் ஆட்டம் தீர்ந்தது. சொந்த ஊர்க்காரன் ஒருவன் ஓட்டுவதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மாரியம்மன் கோவில் மைதானத்தில் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டினோம். அவர் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் தண்ணீர்ச் சொம்போடு நான் கூடவே ஓடினேன். "இந்த தபா சவுரி நல்லதா வாங்கச் சொல்லு தம்பி. போன தபா நடு சீன்ல அவுந்துக்கும் போல ஆயிடுச்சி, தலைய ஆட்டாமயே பேசினேன்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொம்பை வாங்கிக்கொண்டு நேராகப் பாண்டுரங்கனிடம் போனேன்.

"இப்ப சொன்னா கால ஊனிடுவான். முடியட்டும், பக்குவமா நான் சொல்லிக்கிறேன். நீ வாய மூடிக்கினு இரு" என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமான காரியம் அல்ல. அன்று அதுதான் என் குறை.

மூன்றாம் நாளிலிருந்து அவர் பேச்சுக் குறைந்தது. முட்டி வீங்கியிருந்தது. அக்கா செங்கமலம் கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். தம்பியின் கால்களைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தோம்.

நான்காம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "நோட்ட எடுத்துக்கினு வா. மொதல்லேர்ந்து சொல்லணும்."

மாமியார் வசனம், தபால்காரன் வசனம் எல்லாவற்றையும் நான் படித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். பூங்கோதையை அவர் சொன்னார். ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நடுவில் ஒருவன் ஓடிவந்து சட்டையில் ஒரு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போனான். அவர் நிறுத்தவில்லை. செருப்புச் சத்தம் வரும் இடம் வந்தது. முதுகைக் காட்ட முடியாதே. முகத்தை மட்டும் ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். அப்புறம் ஒரு சுற்று முழுக்க இந்தப் பக்கம் திரும்பவில்லை. திருவிழாவுக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டே நான் நோட்டை மூடினேன்.

ஐந்தாம் நாள் இறக்கினோம். நிற்க முடியவில்லை, இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். மாலையைப் போட்ட கையோடு பாண்டுரங்கன் மைக்கில், ஸ்திரீபார்ட் சரோஜா வருகை தருவதாக அறிவித்தார். நான் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தேன். எல்லாரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். களைப்பில் காதில் விழவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

நாடகத்தன்று படுதா ஓரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சரோஜா ஒரு இடத்தில் தடுமாறியபோது நான் நோட்டில் வரியைத் தேடுவதற்குள் அவர் எடுத்துக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. மில்லை மூடியதும் ஆவடிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்.

எட்டு வருஷம் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்த செங்கமலத்தைப் பார்த்தேன். மனசில் கிடந்ததை அன்றுதான் சொன்னேன். இரண்டாம் நாளே எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று.

"அத்த நானே சொல்லிட்டேன்பா" என்றாள் செங்கமலம். "மூணா நாளு காலைல. பாண்டு பொண்டாட்டி கெணத்தாண்ட சொன்னா. ஓடியாந்து, எறங்குடா, வூட்டுக்குப் போலாம்னேன். ஒரு சுத்து சுத்திட்டு வந்தான். 'அந்தம்மா நல்லா நடிப்பாங்களாக்கா?'ன்னு கேட்டான். நல்லாத்தான் நடிப்பாங்கன்னு சொல்லிக்கிறாங்கடான்னேன். கஞ்சிய வாங்கிக்கினு போயிட்டான்."