காலைக் கேட்டேன், ஈசன் கண்ணைக் கொடுத்தார்

அன்பான அடியார்களே, என் வாழ்வில் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

போன வருடம் தை மாதம், கோயம்புத்தூரில் ஒரு போட்டியில் என் இடது முழங்காலில் தசைநார் இரண்டாம் முறையாகக் கிழிந்தது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பத்து வருடங்களில் ஏழு பெண்கள் கூடைப்பந்து அணிகளுக்கு ஆடியிருக்கிறேன். எதிலும் நான் பெரிய ஆள் இல்லை. முக்கால்வாசி நேரம் பெஞ்சில் இருப்பேன், கூப்பிட்டால் போய்ப் பத்து நிமிடம் ஓடுவேன். ஆனால் அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

"நடக்கலாம். இனிமே ஆடக் கூடாது" என்றார் டாக்டர். அணியும் கைவிட்டது. சொந்த ஊரான நைனார்பாளையத்தில் அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். களை வெட்டப் போகலாம் என்றால் குந்தி எழ முடியவில்லை. செத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அம்மா என்னைப் பிரதோஷம் தவறாமல் திருநாவலூர் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனார். என் வேண்டுதல் ஒன்றே ஒன்று: "சாமி, என் காலைக் குடு."

மூன்று பிரதோஷம் போனது. வலி குறையவில்லை. நான்காவது முறை நான் உள்ளே போகவில்லை.

"இன்னாடி, வெளியவே குந்திக்கினு இருக்கிற?" என்றார் அம்மா.

"கேட்டதைக் குடுக்காத சாமியை நான் எதுக்குப் பாக்கணும்?"

அம்மா மட்டும் உள்ளே போனார். நான் வாசலிலேயே அழுதேன்.

அப்போது தரிசனம் முடித்து வந்த ஒரு பெண் என் முன்னால் நின்றார். "நீங்க பாஸ்கெட்பால் ஆடறவங்கதானே? சேலத்துல உங்க மேட்ச் பாத்திருக்கேங்க." கல்வராயன் மலையில் ஒரு உறைவிடப் பள்ளியின் விளையாட்டு டீச்சர் அவர். "நான் கபடிக்காரி. எங்க பொண்ணுங்க இந்த ஆட்டம் ஆடணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. ஒரு பத்து நாள் வந்து சொல்லிக் குடுங்க."

"என்னால ஓட முடியாதுங்க டீச்சர்."

அதற்குள் அம்மா வந்துவிட்டார். "வருவாம்மா" என்று அவரே சொல்லிவிட்டார்.

மலையில் செம்மண் தரை, இரண்டு கம்பம், வெறுங்காலோடு பன்னிரண்டு பெண்கள். முதல் நாள் பந்தோடு ஓடி எகிறிக் காட்டப் போய், எல்லோர் முன்னாலும் விழுந்தேன். அவமானத்தில் எழவே மனசில்லை. செல்வி என்ற பெண் வந்து கை கொடுத்தாள்.

"நீங்க ஓட வாணாங்க்கா. குந்திக்கினு சொல்லுங்க, நாங்க ஓடறோம்."

அன்று நாற்காலியில் உட்கார்ந்தே சொன்னேன். யார் எங்கே தவறுகிறாள், பந்து எங்கே போகப் போகிறது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. பெஞ்சில் கழிந்த வருடங்களில் என்னை அறியாமலேயே ஆட்டத்தைப் படித்திருக்கிறேன். பத்து நாள் ஐந்து மாதம் ஆனது.

கார்த்திகையில் கள்ளக்குறிச்சியில் போட்டி. பாதி ஆட்டத்தில் பதினாறு புள்ளி பின்னால் இருந்தோம். எதிரணியில் நன்றாக ஆடிய பெண் எப்போதும் வலது பக்கமாகவே போனாள். "அவளை இடது பக்கம் தள்ளுங்க. அது போதும்" என்றேன். கடைசியில் இரண்டே புள்ளியில் தோற்றோம். பெண்கள் அழுதார்கள். எனக்கோ மனசு நிறைந்திருந்தது.

சென்னையிலுள்ள ஒரு தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்சியாளர் அந்தப் போட்டியைப் பார்க்க வந்திருந்தார். என்னிடம் வந்து சொன்னார்: "ஆள் எடுக்கத்தான் வந்தேம்மா. கோச் கிடைச்சிட்டாங்க."

பயிற்சியாளர் தேர்வு எழுதினேன். முதல் முறை தோற்றேன். இரண்டாம் முறை தேறினேன். இந்தச் சித்திரையிலிருந்து அந்த அணியின் துணைப் பயிற்சியாளர் நான். செல்வி இப்போது எங்கள் இளையோர் அணியில் ஆடுகிறாள்.

முழங்கால் இன்னும் வலிக்கிறது. அதைச் சரி செய்து தாரும் என்று இப்போது நான் கேட்பதில்லை. ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணைத் தந்த ஈசனுக்கு என் கோடி நன்றி.

கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் வெறுத்திருப்பவர்கள் இதைப் படித்தால், ஒன்று சொல்கிறேன். அவரிடம் கோபித்துக்கொள்ளுங்கள், சண்டை போடுங்கள், அழுங்கள். பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.